இருநூற்றுப் பதினான்கு கோடுகள்

மார்ச் 2

மதிப்பிற்குரிய நூலாசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தாங்கள் எழுதிய 'கடலுக்கடியில் கேட்டவை' என்ற நூலைப் பக்கம் வடிவமைத்து அச்சுக்குத் தயார் செய்யும் வேலையைப் பதிப்பாளர் எங்கள் கடையிடம் ஒப்படைத்துள்ளார். தாங்கள் பென்டிரைவில் அனுப்பிய கோப்பும் வந்து சேர்ந்தது. ஏப்ரல் கடைசியில் அச்சுக்குப் போக வேண்டும் என்கிறார்.

நூல் முழுக்கக் கோடுகளாக இருக்கின்றன. ஒற்றை ஹைஃபன், இரட்டை ஹைஃபன், மூன்று ஹைஃபன் என்று கலந்து கிடக்கின்றன. தட்டச்சு இயந்திரக் காலத்துப் பழக்கம் அது. அதில் கோட்டுக்கு ஒரே ஒரு விசைதான் உண்டு. நீளமாக வேண்டுமென்றால் இரண்டு மூன்று முறை தட்டியாக வேண்டும். இன்று அப்படி இல்லை. நல்ல எழுத்துரு எதை எடுத்தாலும் அதற்குள் மூன்று கோடுகள் தனித்தனியாக வரைந்து வைக்கப்பட்டிருக்கும். சொல்லோடு சொல்லை ஒட்ட ஹைஃபன். '10–15 மீட்டர்' என்று ஓர் எண்ணிலிருந்து இன்னோர் எண்ணுக்குப் போகச் சின்ன டேஷ். பேச்சை நிறுத்தி மூச்சு வாங்கப் பெரிய டேஷ். தங்கள் கோடுகளை முறைப்படி மாற்றித் தர அனுமதி வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
பக்க வடிவமைப்பாளர்

பின்குறிப்பு: அக்கா, இதற்கு மேல் என்னால் நடிக்க முடியாது. நூலாசிரியர் பெயரைப் பார்த்ததும் கையிலிருந்த டீயைக் கீபோர்டில் கொட்டிவிட்டேன். அப்பா தேடித் தேடி வைத்த பெயர், உலகத்தில் இன்னொருத்திக்கு இருக்காது. நாம் பேசி மூன்று வருஷமாகிறது. வேலையை வேறு கடைக்குக் கொடுத்துவிடச் சொன்னால் கொடுத்துவிடுகிறேன். சொல்லாவிட்டால் நான்தான் செய்வேன்.

*

மார்ச் 9

ஸ்கேலு,

ஆமாம், அப்படித்தான் கூப்பிடுவேன். ஏழு வயதில் ஸ்கேலை எடுத்துக்கொண்டு வந்து என் பின்னலை அளந்து, இடது பக்கம் ஒன்றரை சென்டிமீட்டர் குட்டை என்று வீடு முழுக்கத் தண்டோரா போட்டவன்தானே நீ. மதிப்பிற்குரிய நூலாசிரியராம்! ஜெனரேட்டர்காரரிடம் படித்துக் காட்டினேன். இந்தத் தீவில் என்னைத் தவிர இருக்கிற ஒரே மனிதர் அவர்தான். "யாரும்மா இந்த ஆளு, சம்மன் அனுப்புற மாதிரி எழுதியிருக்காரு?" என்றார். என் தம்பி என்றேன். அதற்கப்புறம் ஒன்றும் கேட்கவில்லை, மனிதர் நாகரிகம் தெரிந்தவர்.

போனில் கூப்பிட்டுவிடாதே. இங்கிருக்கும் போன் துறைமுகத்து வேலைக்கு மட்டும்தான். அதோடு, போனில் நீ பேசினால் எனக்குப் பாதிதான் கேட்கும். வலது காது ஏறக்குறைய போய்விட்டது. இடதும் அதன் பின்னாலேயே கிளம்பிவிட்டது.

நானே சொல்லிவிடுகிறேன், நீ சுற்றி வளைக்க வேண்டாம். மூன்று வருஷம் முன்பு மாமா வீட்டுக் கூடத்தில் அத்தனை பேருக்கு நடுவில், நான் கேட்ட தனிக் குரலைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். "அக்கா, அது திமிங்கலமெல்லாம் இல்ல, உன் காதுக்குள்ள இரையுது, டாக்டரே சொல்லிட்டாரே" என்றாய். எல்லோரும் சிரித்தார்கள். மாமாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. நான் அடுத்த பஸ்ஸில் கிளம்பினேன்.

இங்கே என் வேலை கப்பல் எண்ணுவது. கடலுக்கடியில் ஒலிவாங்கி போட்டிருக்கிறார்கள். ஹெட்போனை மாட்டிக்கொண்டு எந்தக் கப்பல் எப்போது போகிறது என்று குறிக்க வேண்டும். பதிவுக் கருவி எஞ்சின் சத்தத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை எல்லாம் வடிகட்டித் தள்ளிவிடும். அப்படித் தள்ளுவதைத்தான் நான் பதினோரு வருஷமாகக் காதால் கேட்டுக் கையால் குறித்து வைத்திருக்கிறேன். கூட்டமாகக் கத்திக்கொண்டு போகிற திமிங்கலங்கள் நிறைய. ஆனால் ஒவ்வொரு மே மாதமும் ஒன்று மட்டும் தனியாக வரும். ஒரே ஒரு நீண்ட குரல். துறைமுக அலுவலகம் அதைக் கருவிக் கோளாறு என்கிறது. காது டாக்டர் இரைச்சல் என்கிறார். நீ என்ன சொன்னாய் என்பது உனக்கே தெரியும்.

வருகிற மேதான் நான் கேட்கப்போகும் கடைசி மே. அந்தக் குரல் வெளியில் இருக்கிறதா, என் காதுக்குள் இருக்கிறதா என்று எனக்கே சில நாள் சந்தேகம் வந்துவிடுகிறது. பயமாக இருக்கிறதடா. காது முழுதாகப் போன பிறகு யாரிடம் போய்க் கேட்பேன்? அதற்காகத்தான் இந்தப் புத்தகம். எங்கேயாவது, யாராவது அதே குரலைக் கேட்டிருந்தால் எனக்கு எழுதட்டும்.

வேலையை நீயே செய். உன்னைப் போல ஒரு கிறுக்கன் வேறு எந்தக் கடையில் கிடைப்பான்? ஒற்றை ஹைஃபன் என்றால் குட்டைக் குரல், இரட்டை நடுத்தரம், மூன்று என்றால் நீண்டது. உன் சாமர்த்தியப்படி மாற்றிக்கொள். ஒன்று குறைந்தாலும் தோலை உரித்துவிடுவேன்.

அக்கா

*

மார்ச் 16

அக்கா,

திட்டினாலும் பதில் போட்டாயே, அது போதும். மாமா வீட்டில் நான் சொன்னது விளையாட்டுக்குத்தான். நீ இவ்வளவு தூரம் எடுத்துக்கொள்வாய் என்று நினைக்கவில்லை.

புரூஃப் இத்துடன் வருகிறது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்திருக்கிறேன். நாலாயிரத்துச் சொச்சம் கோடுகளை மாற்றியிருக்கிறேன். இரட்டை ஹைஃபன் எல்லாம் சின்ன டேஷ் ஆயின, மூன்று ஹைஃபன் எல்லாம் பெரிய டேஷ் ஆயின. ஓரிடத்தில் துருவக் கடல் தண்ணீரின் வெப்பம் மைனஸ் ஒன்று என்று எழுதியிருந்தாய். நீ அடித்திருந்தது ஹைஃபன். அது வரியின் கடைசியில் ஒட்டிக்கொண்டு நிற்க, ஒன்று மட்டும் அடுத்த வரிக்குத் தாவிவிட்டது. ஒரு நொடியில் துருவக் கடலே சூடாகிவிட்டது! கழித்தல் குறி வேறு, ஹைஃபன் வேறு. சரியான குறியைப் போட்டு, எண்ணை விட்டுப் பிரியாதபடி கட்டி வைத்திருக்கிறேன்.

குப்பையையும் கூட்டிப் பெருக்கிவிட்டேன். பக்கத்துக்குக் குறுக்கே இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை தேவையில்லாத கோடுகள் இருநூறுக்கு மேல் ஓடிக்கொண்டிருந்தன. ஒரே கட்டளையில் அத்தனையும் போயிற்று. இப்போது பார், பக்கம் துடைத்துவிட்டது போல இருக்கும்.

கடையில் புரூஃப் பார்க்கிற அம்மா, "உங்க அக்காவா? சொல்லவே இல்லையே" என்றார். ஒருவழியாகச் சொல்லிவிட்டேன்.

தம்பி

*

மார்ச் 30

பக்க வடிவமைப்பாளர் அவர்களுக்கு,

புரூஃப் பார்த்தேன். துடைத்துத்தான் விட்டிருக்கிறாய்.

கூட்டமாகப் போனவை எல்லாம் இருக்கின்றன. தனிக் குரல் இல்லை. பதினோரு மே மாதங்களிலும் இல்லை. 'காலை 10.40' என்று நேரம் இருக்கிறது, நேரத்துக்குக் கீழே ஒன்றும் இல்லை. 'காலை 11.05', கீழே ஒன்றும் இல்லை. விரல் வைத்து எண்ணினேன். இருநூற்றுப் பதினான்கு.

நம்பவில்லை என்றால் நேராக எழுதியிருக்கலாம். "இதை நான் போடமாட்டேன், ஊர் சிரிக்கும்" என்று எழுதியிருந்தால் வேறு கடைக்குப் போயிருப்பேன். கூடத்தில் வைத்துச் சிரித்தது பத்தாது என்று, புத்தகத்திலிருந்தே என் குரலைப் பிடுங்கி எறிந்துவிட்டு, குப்பை பெருக்கினேன் என்று பெருமையாக வேறு எழுதுகிறாய். உன்னைப் போய் நம்பினேனே, என்னைச் சொல்ல வேண்டும்.

பென்டிரைவைப் பதிப்பாளரிடம் திருப்பிக் கொடுத்துவிடு.

*

ஏப்ரல் 6

அக்கா,

சத்தியமாகச் சொல்கிறேன், வேண்டுமென்று செய்யவில்லை. உன் கடிதத்தைப் படித்ததும் கையிலிருந்த வேலையை நிறுத்தினேன். கதவைச் சாத்திவிட்டு உன் பழைய கோப்பைத் திறந்து பார்த்தேன். பார்த்ததும் புரிந்தது. தயவுசெய்து கிழித்துப் போடாமல் முழுக்கப் படி.

தனிக் குரல் வரும்போது நேரத்தை எழுதிவிட்டு, அடுத்த வரியில் மூன்று ஹைஃபன் மட்டும் அடித்து என்டர் தட்டினாய், இல்லையா? வரியில் வேறு எதுவும் இல்லை. அந்த மென்பொருளுக்கு ஒரு கெட்ட பழக்கம். தனியாக மூன்று ஹைஃபன் போட்டு என்டர் தட்டினால், தட்டுகிறவர் பக்கத்தைப் பிரிக்கக் கோடு கேட்கிறார் என்று தானாக முடிவு செய்து, ஓரத்திலிருந்து ஓரம் வரை ஒரு கோட்டை இழுத்துவிடும். ஹைஃபன் காணாமல் போய்விடும். எங்கள் தொழிலில் இது அன்றாடத் தொல்லை. யார் கோப்பைத் திறந்தாலும் இப்படி நாலு கோடு கிடக்கும், யோசிக்காமல் அழித்துவிட்டு வேலையைத் தொடங்குவோம். நான் அழித்த குப்பைதான் உன் குரல்.

நேரங்கள் மட்டும் அநாதையாக நிற்பதைப் பார்த்தேன் அக்கா. பார்க்கவில்லை என்று பொய் சொல்லமாட்டேன். ஏதோ விட்டுப்போயிருக்கிறது என்று தோன்றவும் செய்தது. கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. இருபத்திரண்டு வருஷமாக இந்த வேலை செய்கிறோம், நமக்குத் தெரியாததா என்ற திமிர்.

இருநூற்றுப் பதினான்கையும் இன்றைக்கே திருப்பி வைத்துவிட முடியும். இடம் தெரியும். ஆனால் அத்தனைக்கும் ஒரே பெரிய டேஷைப் போட்டுவிட்டால் சரியாகிவிடுமா? அந்தக் குரல் எப்போதும் ஒரே நீளமா? நீ கையால் குறித்த நோட்டுகள் இருந்தால் அனுப்பு. பதிப்பாளரிடம் பேசி அச்சை மே கடைசிக்குத் தள்ளி வாங்கியிருக்கிறேன். அவர் கத்திய கத்தல் உன் வலது காதுக்கே கேட்டிருக்கும்.

தம்பி

*

ஏப்ரல் 13

ஸ்கேலு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். முதல் முறை கோபம். இரண்டாம் முறை வெட்கம். மூன்றாம் முறை சிரிப்பு வந்துவிட்டது, எதற்கென்று கேள். நான் மூன்று கோடு தட்டி என்டர் அடித்ததும் கம்ப்யூட்டர் அதை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நீட்டிவிட்டதா, நான் என்ன நினைத்தேன் தெரியுமா? 'அடேயப்பா, இது நீண்ட குரல் என்று இந்த மெஷினுக்குத் தெரிந்திருக்கிறதே! மனுஷனுக்கு இல்லாத மரியாதை மெஷினுக்கு இருக்கிறதே' என்று நினைத்தேன். ஜெனரேட்டர்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவரும் வாயைப் பிளந்தார். நாங்கள் இரண்டு பேரும் இங்கே இப்படித்தான் காலம் தள்ளுகிறோம்.

பதினோரு நோட்டையும் என் மழைக்கோட்டில் சுற்றிப் படகுக்காரரிடம் கொடுத்திருக்கிறேன். கட்டம் போட்ட நோட்டுகள். ஒரு கட்டம் ஐந்து நொடி. எதிரில் சுவர்க் கடிகாரம் இருக்கும். குரல் தொடங்கும்போது நீலப் பேனாவை வைப்பேன், நொடி முள் ஓட ஓடப் பேனாவும் ஓடும், குரல் நிற்கும்போது எடுப்பேன். அவ்வளவுதான். அந்த அளவைக் கம்ப்யூட்டரில் எப்படி அடிப்பது என்று தெரியாமல்தான் மூன்று ஹைஃபனாகச் சுருக்கினேன்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். ஐந்தாம் வருஷத்திலிருந்து நீலக் கோட்டுக்குப் பக்கத்தில் பென்சிலில் லேசாக ஏதோ கீறியிருப்பேன், அதே கடிகாரத்தைப் பார்த்துத்தான், பக்கத்தில் கேள்விக்குறியோடு. அதைத் தொடாதே. அந்த வருஷம்தான் டாக்டர் என் காதில் இரைச்சல் இருக்கிறது என்றார். மெல்லியதாக ஏதோ கேட்கும், இல்லாததாகவும் இருக்கும். அது என் நோய். கோப்பில் நான் அடிக்கவே இல்லை. புத்தகத்தில் வந்தால் மற்றதையும் சேர்த்துச் சிரிப்பார்கள்.

நோட்டுகள் பத்திரம். நகல் கிடையாது.

அக்கா

*

ஏப்ரல் 27

அக்கா,

பதினோரு நோட்டும் ஒரு சொட்டு ஈரமில்லாமல் வந்து சேர்ந்தன. நான் இப்போது எழுதப்போவதை எப்படி எழுதுவது என்று இரண்டு நாளாகத் திணறிக்கொண்டிருக்கிறேன். பொறுமையாகப் படி.

முதல் நோட்டில் முதல் தனிக் குரலை எடுத்தேன். எட்டுக் கட்டத்துக்கு ஒரு நீலக் கோடு. ஸ்கேல் வைத்து ஒரே இழுப்பில் இழுத்தது போல இருந்தது. நானும் அப்படித்தான் நினைத்தேன். அப்புறம்தான் உறைத்தது. எட்டுக் கட்டம் என்றால் நாற்பது நொடி. நாற்பது நொடியும் உன் பேனா தாளை விட்டு எழாமல், வேகம் கூடாமல் குறையாமல் நகர்ந்துகொண்டே இருந்திருக்கிறது. நம்பமுடியாமல் நானும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு கோடு போட்டேன். பதினைந்தாவது நொடியில் கை ஆடியது. இருபத்தைந்தில் மூச்சு முட்டி, பேனா தன் பாட்டுக்கு இரண்டு கட்டம் ஓடிவிட்டது. நீ இதை இருநூற்றுப் பதினான்கு முறை செய்திருக்கிறாய். நான் ஒரு விசையைத் தட்டிக் கோடு போடுகிறவன். கோட்டுக்கு நீளம் உண்டு என்று தெரியும், அதற்குள் நேரம் இருக்கும் என்று இத்தனை வருஷத்தில் ஒருநாளும் தோன்றியதில்லை.

பெரிய டேஷ் இதற்குப் போதாது. நாலைந்தை வரிசையாக ஒட்டினால் நடுநடுவே மயிரிழை இடைவெளி தெரியும். குரல் அறுந்து அறுந்து வந்ததாக ஆகிவிடும். அதனால் எழுத்துருவைத் திறந்து உனக்கென்று புதிதாகக் கோடுகள் வரைந்தேன். ஒரு நொடிக்கு ஒரு மில்லிமீட்டர். நாற்பது நொடிக்கு நாற்பது மில்லிமீட்டர், நடுவில் ஒட்டு இல்லாமல்.

இனி நீ திட்டப்போகும் விஷயம். பென்சிலைத் தொடாதே என்றாய். கண்ணெதிரே ஒரு கோடு இருக்கும்போது நான் அளக்காமல் விடுவேனா? உன் பின்னலையே விடாதவன். அதையும் அளந்து, நீலத்துக்குப் பக்கத்தில் சாம்பல் நிறத்தில் வைத்தேன். பதினோரு வருஷத்தையும் ஒன்றின் கீழ் ஒன்றாக இடது ஓரம் சேர்த்து அடுக்கினேன். வேறு எந்த எண்ணமும் இல்லை, அடுக்கினால் பக்கம் அழகாக இருக்கும் என்றுதான்.

அடுக்கி முடித்துவிட்டு நிமிர்ந்தேன். திரையை மேலிருந்து கீழே மறுபடி ஒருமுறை பார்த்தேன்.

நீலக் கோடு எல்லா வருஷமும் நாற்பது, முப்பத்தொன்பது, நாற்பத்தொன்று. முதல் நான்கு வருஷம் பக்கத்தில் ஒன்றும் இல்லை. ஐந்தாம் வருஷம் சாம்பல் கோடு ஐந்து மில்லிமீட்டர். ஆறில் எட்டு. ஏழில் பதிமூன்று. எட்டில் பத்தொன்பது. ஒன்பதில் இருபத்து நான்கு. பத்தில் முப்பது. போன வருஷம் முப்பத்தாறு. நீலம் முடிந்து சாம்பல் தொடங்கும் வரை உள்ள இடைவெளி மட்டும் மாறவே இல்லை. ஏழு வருஷமும் இருபதுதான்.

புரூஃப் பார்க்கிற அம்மாவைக் கூப்பிட்டேன், எதுவும் சொல்லாமல் திரையைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "என்னங்க இது, வீட்டுல பிள்ளைங்க வளர வளர சுவத்துல கோடு போட்டு வைப்போமே, அந்த மாதிரி இருக்கு" என்றார்.

காது இரைச்சலுக்கு வயசு ஏறுமா அக்கா? இன்னொரு குரல் முடியும் வரை பேசாமல் இருந்து, இருபது நொடி பொறுத்து, அப்புறம் தொடங்குமா? ஒவ்வொரு மே மாதமும் கொஞ்சம் கொஞ்சமாக நீளக் கற்றுக்கொண்டு வருமா? நீ நோய் என்று நினைத்து மறைத்து வைத்ததுதான் இந்தப் புத்தகத்திலேயே பெரிய விஷயம்.

அன்று கூடத்தில் நான் சொன்னது விளையாட்டு இல்லை, தப்பு. கேட்கத் தெரியாதவன், கேட்கத் தெரிந்தவளைப் பார்த்துச் சிரித்தேன். மன்னித்துக்கொள்.

அடுக்கிய தாளை இத்துடன் வைத்திருக்கிறேன்.

தம்பி

*

மே 4

தம்பி,

தாளைப் பார்த்தேன். பார்த்துவிட்டு மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு வெளியே போய்விட்டேன். பாறை மேல் நின்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினோரு வருஷமாகப் பார்க்கிற அதே தண்ணீர்தான். அன்றைக்கு அதைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. நமக்குத் தெரியாமல் அடியில் எவ்வளவு நடந்துகொண்டிருக்கிறது! நான் பாட்டுக்கு மேலே உட்கார்ந்துகொண்டு கப்பல் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறேன். அழுதேன். ஜெனரேட்டர்காரர் பார்த்துவிட்டு, டீயைப் பாறையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

எனக்கு ஏன் தெரியவில்லை என்கிறாயா? ஒரு மே மாதம் கேட்பேன், குறிப்பேன், நோட்டை மூடிப் பெட்டியில் வைப்பேன். அடுத்த மேயில் புது நோட்டு. பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தோன்றவே இல்லை. நீ பக்கம் அழகாக இருக்க வேண்டும் என்று அடுக்கினாய், இது வந்து நின்றது. உன் கிறுக்குக்கு இத்தனை நாள் கழித்து ஒரு கும்பிடு.

அது குட்டியா, துணையா, எனக்குத் தெரியாது. ஏழு வருஷம் இரண்டும் சேர்ந்தே திரியுமா என்று படித்தவர்கள் கேட்பார்கள். கேட்கட்டும். என் பயம் வேறு. நீலமும் என் கை போட்டது, பென்சிலும் என் கை போட்டது. என் காதே எனக்கு ஒரு கதை சொல்லி, என் கையும் அதற்குத் துணை போயிருந்தால்? அப்படி நடக்காது என்று நீ சொல்வாய். உன் பாசத்தில் சொல்வாய். எனக்கு இன்னொரு காது வேண்டும். அது கேட்டுவிட்டுச் சொன்னால் பென்சிலையும் அச்சில் போடு. கேட்கவில்லை என்றால் பென்சிலை எடுத்துவிடு.

போன வாரமே ஹெட்போனில் எனக்கு எல்லாம் ஒரே மூட்டமாகிவிட்டது. பெரிய கப்பல் ஒலிவாங்கிக்கு நேர் மேலே போனால்கூட அதன் விளக்கைப் பார்த்துத்தான் குறிக்கிறேன். பெரிய ஆஸ்பத்திரியில் பதினோராம் தேதி வரச் சொல்லியிருக்கிறார்கள், இரண்டு வாரம் வைத்திருப்பார்களாம். அன்றைக்கு வரும் படகில் நீ வந்து இறங்கு, அதிலேயே நான் ஏறிக்கொள்கிறேன். அலுவலகத்தில் கேட்டு அனுமதி வாங்கிவிட்டேன். கப்பலை ஜெனரேட்டர்காரர் குறித்துக்கொள்வார். நீ மற்றதைக் கேள்.

பன்னிரண்டாவது நோட்டு மேசையில் இருக்கும். வரியின் தொடக்கத்தில் மூன்று கட்டம் நேரம் எழுத விட்டுவிடு. குரல் நிற்கும் வரை பேனாவைத் தூக்காதே. மூக்கு அரித்தாலும் தூக்காதே. வேறு ஒன்றும் இல்லை, என் வேலை அவ்வளவுதான்.

அக்கா

*

மே 17

அக்கா,

படகுத்துறையில் பத்து நிமிஷம் கிடைத்தது. மூன்று வருஷத்துக்குப் பிறகு பார்க்கிறோம், இரண்டு பேரும் ஜெனரேட்டர் எவ்வளவு டீசல் குடிக்கும் என்பதைப் பற்றியே பேசிவிட்டுப் பிரிந்தோம். படகு நகர்ந்த பிறகு நீ கத்தி ஏதோ சொன்னாய், காற்றில் எனக்குக் கேட்கவில்லை. நானும் கத்தினேன், உனக்கும் கேட்டிருக்காது. கையை மட்டும் ஆட்டிக்கொண்டோம்.

முதல் ஐந்து நாளும் ஒன்றும் இல்லை. கப்பல், கப்பல், நண்டு சொடக்குப் போடுவது போல ஒரு சத்தம், மறுபடியும் கப்பல். நேற்று ஒரு கூட்டம் போயிற்று, குட்டையும் நடுத்தரமுமாகக் கலகலவென்று. கேட்டதும் எழுந்து நின்றுவிட்டேன், குறிக்கவே மறந்துவிட்டேன். ஜெனரேட்டர்காரர், "முதல் தடவை அம்மாவும் இப்படித்தான் எந்திரிச்சு நின்னாங்க" என்றார். நீ என்னிடம் சொன்னதே இல்லை.

இன்று காலை பத்து மணிக்கு அவரையும் பக்கத்தில் உட்கார வைத்து, இன்னொரு ஹெட்போனை மாட்டச் சொன்னேன். "எனக்கு எஞ்சின் சத்தத்துலயே காலம் போயிடுச்சு தம்பி, எனக்கு என்ன கேக்கப்போவுது" என்று மறுத்தார். அதட்டி மாட்ட வைத்தேன். ஒரு காது போதாது, இரண்டு பேர் காது இருக்கட்டும் என்று தோன்றியது.

பத்து மணி ஐம்பத்திரண்டு நிமிடம். பக்கத்து அறையில் யாரோ கனத்த பீரோவை அவசரமில்லாமல் நகர்த்துகிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். இந்த வீட்டில் பக்கத்து அறையே இல்லை என்பது அப்புறம்தான் நினைவு வந்தது. பேனாவை வைத்தேன். அக்கா, அது காதால் கேட்கிற சத்தம் மட்டும் இல்லை. நெஞ்சு எலும்பில் வந்து நிற்கிறது. கை நடுங்கும் என்று பயந்திருந்தேன், நடுங்கவில்லை. அதுதான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிற்று. எட்டுக் கட்டத்தில் நின்றது. எடுத்தேன்.

நீ சொன்னதை எல்லாம் இவ்வளவு நாள் அளவாகத்தான் படித்திருந்தேன். அந்த இருபது நொடியில் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரிகிறது. கடல் முழுக்க யாரோ பேசி முடித்துவிட்டு, பதிலுக்காகக் காத்திருப்பது போல ஒரு அமைதி. நான் மூச்சு விடவில்லை. அவரும் விடவில்லை. நொடி முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன். பதினெட்டு. பத்தொன்பது.

வந்தது அக்கா. வெளியில்தான் இருக்கிறது. உன் காதில் இல்லை, கருவியில் இல்லை. தண்ணீரில் இருக்கிறது. இரண்டு பேர் கேட்டோம். அவர் என் தோளைப் பிடித்தார், பிடித்த இடம் இன்னும் வலிக்கிறது.

மெல்லிசாக இருக்கும் என்று எழுதியிருந்தாய். இல்லை. முதல் குரலைப் போலவே கனமாக இருந்தது. முப்பத்தாறில் நிற்கும் என்று எதிர்பார்த்தேன், நிற்கவில்லை. நாற்பதையும் தாண்டியது. எனக்குக் கண் மங்கிவிட்டது, துடைக்கக் கை இல்லை, ஒரு கையில் பேனா, இன்னொரு கையால் நோட்டை அழுத்திப் பிடித்திருந்தேன். "தம்பி, பேப்பர் முடிஞ்சுபோச்சு" என்றார் அவர். தெரியும். ஆனால் பேனாவைத் தூக்காதே என்றாயே. குரல் போய்க்கொண்டே இருந்தது, நானும் போய்க்கொண்டே இருந்தேன்.

நாளைப் படகில் இந்தக் கடிதமும் பன்னிரண்டாவது நோட்டும் உனக்கு வரும். நான் வரமாட்டேன், நீ திரும்பும் வரை இந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்க மனசில்லை. பதிப்பாளருக்குத் தனியாக எழுதிவிட்டேன், சாம்பல் கோடுகள் எல்லாம் நீலமாகின்றன. நோட்டில் கோடு ஓரம் வரைதான் இருக்கும். மீதி உன் மேசை மேல் இருக்கிறது, நீ வந்துதான் பார்க்க வேண்டும்.

தம்பி